ஒரு பெட்டி, பல குடித்தனம்

சர்வர் அறையில் ஓடும் இயந்திரம் நம்முடையது. பில் நம் பெயரில் இருக்கிறது, கரன்ட் நம் காசில் ஓடுகிறது. ஆனால் அந்த இயந்திரத்தை நான்காகவும் எட்டாகவும் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனிக் கணினிபோல் நடமாடவைக்கும் மென்பொருள் யாருடையது என்று 2023 வரை பலர் யோசித்ததே இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி, அத்தகைய மென்பொருளை விற்ற விஎம்வேர் நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கி முடித்தது. மூன்று வாரத்துக்குள், ஒருமுறை பணம் கட்டி என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸின் விற்பனை நின்றது. இனிமேல் சந்தா மட்டும்தான். அடுத்த பிப்ரவரியில், சிறு அலுவலகங்களும் வீட்டில் பழகுவோரும் நம்பியிருந்த, விஎம்வேரின் சர்வர் மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பையும் எடுத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அதே இலவசப் பதிப்பு சத்தமில்லாமல் திரும்பி வந்தது. எடுத்ததும் கொடுத்ததும் ஒரே கை. சர்வரை வாங்கி வைத்திருந்தவர் கேட்கப்படவே இல்லை.

சொந்த சர்வரில் இப்படிப் பிரித்துக்கொடுக்கும் மெய்நிகராக்கத் தளம் நிறுவ நினைப்பவர் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, எது வேகம் என்பது. இரண்டாவது, எது இலவசம் என்பது. இரண்டுக்கும் அவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை என்பது என் கட்சி. சாதாரண அலுவலக வேலையில் இன்றைய தளங்களுக்கிடையே வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இலவசமோ, மேலே பார்த்தபடி, கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. டிஸ்க் செத்துப்போகிற நாள் ஒன்று வரும். இந்தத் தளமே வேண்டாம், வெளியேறலாம் என்று முடிவெடுக்கிற நாள் ஒன்று வரலாம். அந்த இரண்டு நாட்களில் எந்தத் தளம் நம்மைக் கைவிடாதோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு இயந்திரத்தைப் பலவாகப் பிரிக்கும் இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். ஒரே கூரை, ஒரே கிணறு, ஆனால் ஆறு அடுப்பு. யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்று வீட்டுக்காரர் வகுத்துவிட்டால் சண்டை இல்லை. இங்கே ஹைப்பர்வைசர்தான் வீட்டுக்காரர். பிராசஸர், ரேம், டிஸ்க், நெட்வொர்க் நான்கையும் பங்கிட்டு, விஎம் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் தனி வீட்டில் இருப்பதான பிரமையைக் கொடுப்பது அதன் வேலை. ஒரு வித்தியாசம் உண்டு. ஒண்டுக்குடித்தனத்தில் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை வரும், இங்கே வரக்கூடாது. (வந்ததும் உண்டு. 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஓட்டைகள், பிராசஸருக்குள் இருக்கும் சுவருக்கும் காது உண்டு என்று காட்டிக்கொடுத்தன.)

யோசனை ஒன்றும் புதிதல்ல. ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்தது, 1967லேயே சிபி-40 என்ற அமைப்பின் மூலம் ஒரு சிஸ்டம்/360 கணினியைப் பல கணினிகளாகக் காட்டியது. 1972 ஆகஸ்டில் விஎம்/370 அறிவிக்கப்பட்டது; அதன் வாரிசு இன்றும் பெருங்கணினிகளில் ஓடுகிறது. 1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். வீட்டுக்காரரின் அனுமதி தேவைப்படும் எதிலாவது குடித்தனக்காரர் கைவைத்தால், பிராசஸர் அந்தக் கணமே வேலையை நிறுத்தி வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் மேசைகளுக்கு வந்த இன்டெல் எக்ஸ்86 பிராசஸர் இந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. பென்டியத்தில் அடங்காத கட்டளைகள் 17 என்று 2000இல் வந்த ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது. அவற்றில் ‘பாப்எஃப்’ ஒன்று. அதிகாரமில்லாத ஒரு நிரல் இதன் மூலம் இன்டரப்ட்டை அணைக்கச் சொன்னால், அது அணைக்கவும் செய்யாது, முடியாது என்று சொல்லவும் செய்யாது. காதில் விழாததுபோல் அடுத்த வேலைக்குப் போய்விடும். மனு கொடுத்துவிட்டு வந்து காரியம் நடந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பவரின் நிலைதான் அந்த நிரலுக்கு.

இந்தச் சிக்கலை ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிளம்பிய ஒரு குழு உடைத்தது. டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐவர் 1998இல் தொடங்கிய விஎம்வேர், அடங்காத கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து வேறு கட்டளைகளாக மாற்றி எழுதியது. 1999இல் மேசைக் கணினிக்கான பதிப்பு, 2001இல் சர்வருக்கான ஈஎஸ்எக்ஸ். இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸென், 2003இல் வேறு வழி காட்டியது: குடிவருகிற இயங்குதளமே தான் வாடகைக்கு இருப்பதை உணரும்படி அதைத் திருத்திவிடுவது. பிறகு 2005 இறுதியில் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் பிராசஸருக்குள்ளேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்தன. அவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20இல் சேர்ந்தது. அன்றிலிருந்து லினக்ஸ் வைத்திருக்கும் எவரும் ஹைப்பர்வைசர் வைத்திருப்பவரே.

வரலாற்றை இவ்வளவு நீட்டக் காரணம் உண்டு. 1999இல் விஎம்வேர் விற்றது ஒரு வித்தை. வேறெவராலும் செய்ய முடியாதது. 2007க்குள் அந்த வித்தை சில்லுக்குள் போய்விட்டது. அதன் பிறகு நாம் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் நிர்வாக வசதி: ஓடும் விஎம்மை நிறுத்தாமல் இன்னொரு சர்வருக்கு மாற்றுவது, பேக்கப், பார்க்க அழகான திரை. நல்ல வசதிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை இன்று பல கடைகளில் கிடைக்கின்றன. அதனால்தான் வெளியேறுவது இப்போது சாத்தியமாகியிருக்கிறது.

கடைகளை ஒரு சுற்றுப் பார்ப்போம். ஈஎஸ்எக்ஸ்ஐ இன்றும் முதிர்ந்த, உறுதியான தளம். பெரிய நிறுவனத்தில், அங்கீகரித்த வன்பொருளில், சந்தா கட்டத் தெம்பிருந்தால் அதை விட்டு ஓடவேண்டிய அவசரம் இல்லை. ஆனால் வன்பொருள் விஷயத்தில் அது ஆசாரம் பார்க்கும். 2020இல் வந்த 7ஆம் பதிப்பு லினக்ஸ் வழி வந்த பழைய டிரைவர்களைக் கழித்துக்கட்டியது. மேசைக் கணினி மதர்போர்டுகளில் சாதாரணமாக இருக்கும் ரியல்டெக் நெட்வொர்க் சில்லு மட்டும் இருந்தால் நிறுவல் அங்கேயே நின்றுவிடும். அந்த 7ஆம் பதிப்புக்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, 2008இலிருந்து விண்டோஸ் சர்வரோடு வருகிறது. தனியாக இலவசமாகக் கொடுத்த ஹைப்பர்-வி சர்வர் 2019ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோனது. ஏற்கெனவே விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு வாங்கியிருப்பவர்களுக்கு அதிலேயே இரண்டு விண்டோஸ் விஎம்களுக்கான உரிமை இருக்கிறது. டேலி ஓடும் ஒரு விஎம், கோப்பு சர்வர் ஒன்று என்று இரண்டோடு முடிகிற அலுவலகத்துக்கு இதுவே போதும். வேறெதையும் தேடி அலைய வேண்டாம்.

ஸென் வழியில் வந்தது எக்ஸ்சிபி-என்ஜி. சிட்ரிக்ஸ் தன் ஸென்சர்வரின் இலவசப் பதிப்பில் வசதிகளைக் குறைத்தபோது, 2018இல் பிரான்ஸின் வேட்ஸ் நிறுவனம் முன்னின்று கிளைபிரித்த தளம் அது. ஆக, பிராட்காம் கதை முதல் கதையும் அல்ல.

நான்காவது, ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ். 2008இல் முதல் பதிப்பு. 2025 ஆகஸ்டில் 9ஆம் பதிப்பு. டெபியன் லினக்ஸின் மேல் கேவிஎம், அதன் மேல் பிரவுசரில் திறக்கும் ஒரு நிர்வாகத் திரை. மூலநிரல் முழுவதும் ஏஜிபிஎல் உரிமத்தில் திறந்தே இருக்கிறது. நிறுவனம் நாளை விற்கப்பட்டாலும் இன்று நம்மிடம் இருக்கும் பதிப்பு நம்மிடமே இருக்கும். அதை யாரும் தொடர்ந்து வளர்க்கலாம். அதைவிட முக்கியம், அடியில் இருப்பது சாதாரண லினக்ஸ். நிர்வாகத் திரை திறக்காத நாளிலும் லினக்ஸ் தெரிந்த ஒருவர் உள்ளே போய் டிஸ்க் கோப்பை எடுத்து வேறொரு லினக்ஸ் இயந்திரத்தில் ஓட்டிவிடலாம். சந்தா இங்கேயும் உண்டு. பிராசஸர் சாக்கெட் கணக்கில் வாங்குகிறார்கள். கட்டாவிட்டால் எந்த வசதியும் மூடப்படாது. உள்ளே நுழையும்போதெல்லாம் ‘உங்களுக்குச் சந்தா இல்லை’ என்று ஒரு பெட்டி வந்து போகும். பிழைப்புக்கு இதை நம்பியிருக்கும் அலுவலகம் அந்தச் சந்தாவைக் கட்டிவிடுவதுதான் மரியாதை.

சிறு, நடுத்தர அலுவலகத்துக்கு என் தேர்வு பிராக்ஸ்மாக்ஸ். மீதிக் கட்டுரை அதை வைத்தே போகிறது.

வாங்குவதில் பலரும் பிராசஸருக்குச் செலவழித்து டிஸ்க்கில் சிக்கனம் பிடிக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். அலுவலக விஎம்கள் பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவை. எட்டு கோர் இருந்தால் தாராளம். முதலில் தீர்வது ரேம். தளத்துக்கு 2 ஜிபி போதும் என்று ஆவணம் சொல்கிறது. இசட்எஃப்எஸ் கோப்பு முறை பயன்படுத்தினால், சேமிப்பின் ஒவ்வொரு டெராபைட்டுக்கும் ஏறத்தாழ 1 ஜிபி கூடுதலாக வேண்டும். மீதிதான் விஎம்களுக்கு. அதனால் 64 ஜிபி என்பது ஆடம்பரம் அல்ல. பிழைதிருத்தும் ஈசிசி ரேம் கிடைத்தால் விடாதீர்கள்.

டிஸ்க் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடையில் லேப்டாப்புக்கு விற்கும் எஸ்எஸ்டியும் சர்வர் எஸ்எஸ்டியும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உள்ளே ஒரு வரிசை மின்தேக்கிகள்தான் முக்கிய வித்தியாசம். கரன்ட் திடீரென்று போனால், கையில் வைத்திருக்கும் தரவை எழுதி முடிக்க அந்த மின்தேக்கிகள் சில கணங்கள் உயிர் கொடுக்கும். அந்தத் தைரியத்தில் சர்வர் எஸ்எஸ்டி ‘எழுதிவிட்டேன்’ என்று உடனே பதில் சொல்லும். சாதாரண எஸ்எஸ்டி உண்மையில் எழுதி முடித்த பிறகே சொல்ல முடியும். டேட்டாபேஸ் இருக்கும் விஎம்மில், ஒவ்வொரு பதிவுக்கும் இந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால், இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் தெரியும். இசட்எஃப்எஸ் வைத்தால் சாதாரண எஸ்எஸ்டி சீக்கிரமே தேய்ந்தும் போகும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நிர்வாகத் திரையே சதவீதத்தில் காட்டும், பயந்துகொண்டே பார்க்கலாம். இரண்டு சர்வர் எஸ்எஸ்டி வாங்கி, ஒன்றின் நகலாக மற்றொன்றை இசட்எஃப்எஸ் மிரர் முறையில் வையுங்கள். பழைய பிராண்டட் சர்வர்களில் ரெய்டு கார்டு இருக்கும். இசட்எஃப்எஸ்ஸும் ரெய்டு கார்டும் ஒரே உறையில் இரண்டு கத்தி. கார்டின் ரெய்டு வேலையை நிறுத்தி டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டும்படி மாற்றுங்கள். முடியாவிட்டால் கார்டையே நம்பி இசட்எஃப்எஸ்ஸை விட்டுவிடுங்கள்.

இனி நிறுவுதல். பயாஸுக்குள் போய் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும் மெய்நிகராக்க வசதியை இயக்க வேண்டும். பல மதர்போர்டுகளில் அது அணைந்தே வருகிறது. ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து துவக்கினால், எந்த டிஸ்க், எந்த நாடு, என்ன பாஸ்வேர்டு, என்ன ஐபி முகவரி என்று நாலைந்து திரைகள். தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கையை நிதானமாகப் படியுங்கள். ஐபி முகவரி ரவுட்டர் அவ்வப்போது மாற்றிக் கொடுப்பதாக இருக்கக்கூடாது. சர்வருக்கு வைக்கும் பெயரை யோசித்து வையுங்கள். உள்ளே விஎம்கள் குடிவந்த பிறகு அதை மாற்றுவது பெரிய தலைவலி. பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிந்து மறுபடி துவங்கும். பக்கத்துக் கணினியின் பிரவுசரில் அந்த முகவரியை 8006 என்ற போர்ட் எண்ணோடு தட்டினால் திரை வரும். சந்தா இல்லாமல் அப்டேட் கொடுத்தால் பிழை காட்டும். சந்தாதாரர்களுக்கான களஞ்சியத்தை அணைத்து, சந்தா இல்லாதவர்களுக்கானதை இயக்க வேண்டும். நிறுவுதல் அவ்வளவுதான்.

தடுமாற்றம் முதல் விஎம்மில் தொடங்குகிறது. விண்டோஸை நிறுவப் போனால், டிஸ்க் எதுவுமே இல்லை என்று அது கைவிரிக்கும். வேகத்துக்காகக் கொடுத்திருக்கும் விர்ட்-ஐஓ வகை டிஸ்க்கை விண்டோஸுக்குத் தெரியாது. அதற்கான டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடி டிரைவாகச் செருகி, அங்கிருந்து டிரைவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். விஎம்வேரிலிருந்து வருபவர்களுக்கு 2024இல் சேர்த்த இறக்குமதி வசதி பெரிய உதவி. அதிலும் விண்டோஸை முதலில் சாட்டா டிஸ்க்காகவே துவக்கி, விர்ட்-ஐஓ டிரைவர் உள்ளே போன பிறகு மாற்றிக்கொள்வது நல்லது. அவசரப்பட்டால் நீலத் திரைதான். விஎம்வேர் டூல்ஸைப் பழைய வீட்டில் இருக்கும்போதே நீக்கிவிடுங்கள். புதிய வீட்டில் அது நீங்க மறுத்து அடம்பிடிக்கும்.

அடுத்தது டிஸ்க் ஒதுக்கீடு. 1 டெராபைட் டிஸ்க்கில் 200 ஜிபி வீதம் எட்டு விஎம்களுக்குக் கொடுக்கலாம், தளம் தடுக்காது. எழுதிய அளவுக்குத்தான் இடம் பிடிக்கும் என்ற கணக்கில் இது ஓடும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிணற்றடிக்கு வராதவரை பிரச்சினை இல்லை. நிரம்பிய அன்று, எழுத இடமில்லாமல் எல்லா விஎம்களும் ஒன்றாக உறையும், டேட்டாபேஸ் சிதையக்கூடும். எனக்கு ஒரு சனிக்கிழமை இரவு இது நடந்திருக்கிறது. காரணம் நான்தான்: ஒரு மென்பொருள் அப்டேட்டுக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்டை அழிக்க மறந்து மூன்று மாதம் விட்டிருந்தேன். அது மூன்று மாத மாற்றத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே போயிருந்தது.

ஒரு சர்வர் ஓடத் தொடங்கியதும் இரண்டாவதை வாங்கி இரண்டையும் கிளஸ்டராகக் கட்டும் ஆசை வரும். இரண்டு பேர் மட்டும் உள்ள சபையில் ஒருவர் எழுந்து போனால் பெரும்பான்மை இல்லை. ஒரு சர்வர் விழுந்தால், மிஞ்சிய சர்வர், விழுந்தது மற்ற சர்வரா அறுந்தது நெட்வொர்க்கா என்று தெரியாமல், புதிதாக எந்த விஎம்மையும் துவக்க மறுக்கும். ஒரே விஎம் இரண்டு இடத்தில் ஓடி டிஸ்க்கைக் கெடுத்துவிடக் கூடாது என்ற நியாயமான பயம் அது. மூன்றாவது ஓட்டு வேண்டும். ராஸ்பெர்ரி பை போன்ற சின்னப் பெட்டியே அந்த ஓட்டைப் போடலாம். பத்துப் பேர் அலுவலகத்துக்குக் கிளஸ்டரே வேண்டாம் என்பேன். இரண்டாவது சர்வருக்கான பணத்தைப் பேக்கப் இயந்திரத்தில் போடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு சம்பவம். 2023 பிப்ரவரியில், இணையத்துக்கு நேரடியாகத் திறந்துகிடந்த ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களில் ஒரு பிணைத்தொகை நிரல் புகுந்து விஎம்களின் கோப்புகளைப் பூட்டியது. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கான திருத்தம் இரண்டு வருடத்துக்கு முன்பே, 2021 பிப்ரவரியில், வெளிவந்திருந்தது. வீட்டுக்காரரைப் பிடித்தால் எல்லாக் குடித்தனமும் கையில். எந்தத் தளமானாலும் நிர்வாகத் திரையை இணையத்துக்குத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் வழியே வாருங்கள்.

நம் ஊரில் கரன்ட் கதையைச் சேர்க்காமல் முடியாது. யுபிஎஸ் வைத்தால் மட்டும் போதாது. யுஎஸ்பி கேபிள் வழியாக அது சர்வரோடு பேச வேண்டும். பேட்டரி தீரும் முன் டேட்டாபேஸ் விஎம் கடைசியாக மூடும்படி வரிசை வகுத்து, ஒவ்வொரு விஎம்முக்குள்ளும் கெஸ்ட் ஏஜென்ட் நிறுவிவைத்தால், ஆள் இல்லாத நேரத்திலும் எல்லாம் ஒழுங்காக அணையும். கரன்ட் திரும்பியதும் சர்வர் தானே எழுந்துகொள்ளும் பயாஸ் அமைப்பையும் பாருங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பொத்தானை அழுத்துவதற்காக யாராவது வண்டியெடுத்துப் போக வேண்டியிருக்கும்.

பேக்கப், சர்வருக்குள் இருக்கும் இன்னொரு டிஸ்க்கில் இருந்தால் அது பேக்கப் அல்ல. பிராக்ஸ்மாக்ஸே 2020இல் வெளியிட்ட பேக்கப் சர்வர், மாறிய துண்டுகளை மட்டும் எடுத்துச் சேமிக்கும். ஐந்தாறு வருடப் பழைய மேசைக் கணினி ஒன்றும் இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க்கும் அதற்குப் போதும். அதை வேறு அறையில் வையுங்கள். வாரம் ஒரு நகல் கட்டடத்தைவிட்டு வெளியே போகட்டும்.

இதையெல்லாம் செய்துமுடித்த பிறகும், பழைய சர்வரை உடனே அணைத்துவிடாதீர்கள். முதலில் பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை வேறு எண்ணில் மீட்டெடுங்கள். முகவரி மோதாமலிருக்க அதன் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டுத் துவக்குங்கள். உள்ளே போய் நேற்றைய பில் ஒன்று இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். மொத்தம் எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, சர்வர் ரேக்கின் கதவில் ஒட்டிவையுங்கள்.